கட்டடத் தளங்களில் பாதுகாப்புக் கேட்டு அலைந்த அனுபவம்

யாழ்ப்பாணத்தில் தொழில் பார்த்துக்கொண்டே, வேலை செய்யும் இடத்தில் ஆட்கள் விழுந்து சாகாமல் இருக்க ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கிற பொறியியலாளர்கள், வைத்தியர்கள், தாதியர், சட்டத்தரணிகள், தொழில்நுட்ப ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தனியார் துறையில் கட்டடப் படம் கீறி, மேற்பார்வை செய்கிற ஒரு சிவில் இஞ்சினியர். இந்தப் பாதுகாப்பு வேலைக்குள் இறங்கி மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. கையிலிருந்து போனது மூன்றரை லட்சம் ரூபா வரும். கைநழுவிய இரண்டு மேற்பார்வை வேலைகளின் கட்டணத்தையும் சேர்த்தால் கணக்கு எட்டு ஒன்பது லட்சத்துக்குப் போகும். பிள்ளைகளோடு இருக்கவேண்டிய சனி ஞாயிறுகளை எப்படிக் கணக்குப் பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்ததற்காக வருந்தவில்லை. ஆனால் இந்தப் பாதையில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று ஒருவராவது முன்னமே சொல்லியிருந்தால், பாதிச் செலவும் பாதி மனவேதனையும் மிச்சமாகியிருக்கும்.

தொடக்கம் ஒரு பெடியன். வடமராட்சிப் பக்கம், இருபத்தாறு வயது, பலகை அடிக்கிற வேலை. என்னுடைய தளம் ஒன்றில் முன்பு வேலை செய்தவன். சொல்லும் வேலையை வடிவாகச் செய்வான். பிறகு வேறொரு கொந்தராத்துக்காரரிடம் போய், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். மாடிப்படிக்கு விட்ட வெளியை ஒரு தகரத்தால் மூடி வைத்திருக்கிறார்கள். ஆணி அடிக்கவில்லை. இரண்டு கையாலும் பலகை தூக்கிக்கொண்டு வந்தவன் அதன்மேல் கால் வைத்திருக்கிறான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வாட்டில் போய்ப் பார்த்தபோது அவன் என்னிடம் கேட்டது, "மிஸ், நான் எப்ப எழும்பி நடப்பன்?" அதற்குப் பதில் தெரிந்துகொண்டே அவன் முன்னால் நிற்பது மிகவும் கொடுமை. அங்கே வேலை செய்கிற ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னை வெளியே கூட்டிவந்து, பனையால் விழுந்தவர்கள், சாரக்கட்டால் விழுந்தவர்கள், கூரையால் விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேரைத் தான் பார்த்துவிட்டதாகச் சொன்னார். "நாங்கள் படுக்கைப்புண் வராமல் பாக்கிறம். விழாமல் பாக்கிறது உங்கட ஆக்களின்ர வேலை எல்லோ?" என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில், வகுப்பு முடிந்த பிறகு, நாங்கள் கொஞ்சப்பேர் கூடினோம். ஒரு வைத்தியர், ஒரு சட்டத்தரணி, அந்தப் பிசியோதெரபிஸ்ட், தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஒருவர், நான். எல்லோரும் உணர்ச்சியோடு பேசினோம். புதுச் சட்டம் வேண்டும், எல்லாத் தளத்திலும் பாதுகாப்பு உத்தியோகத்தர் வேண்டும், எல்லாத் தொழிலாளிக்கும் காப்புறுதி வேண்டும் என்று கொப்பி நிறைய எழுதினோம். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்த கோரிக்கைகளில் ஒன்றையாவது நிறைவேற்றும் அதிகாரம் யாழ்ப்பாணத்தில் யாரிடமும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் போயிற்று. தொழில் திணைக்களம் மத்திய அரசுக்குக் கீழே இருக்கிறது. வேலைத்தளப் பாதுகாப்புக்கான புதுச் சட்டமோ கொழும்பில் பல வருடங்களாக வரைவாகவே சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. நாங்கள் மனுக் கொடுக்க நினைத்த மன்றமே இயங்கவில்லை. ஆகவே தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு தாளை எடுத்து, தாங்கள் கேட்கப்போகும் ஒவ்வொன்றுக்கும் நேரே, அதில் கையெழுத்து வைக்கக்கூடிய பதவி எது என்று எழுதிப் பாருங்கள். பதவிப் பெயர் எழுத முடியாத கோரிக்கையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதல் அடி எங்கள் வைத்தியருக்கு விழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் நிருபர் அவரிடம் கேட்க, விழுந்து வருகிறவர்களின் நிலைமையை உள்ளபடி சொன்னார். ஒருவரையும் குறை சொல்லவில்லை, நோயாளி எவரின் பெயரையும் வெளியிடவில்லை. செய்தி வந்து சில நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம், ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியில்லாமல் பேசினால் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு இடமுண்டு. அவர் பதில் எழுதி, அலைந்து, பிரச்சினை ஒருவாறு தணிந்தது. ஆனால் இடமாற்றம் வருமோ என்ற பயத்தில் அவருடைய வீட்டில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு அவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர்மேல் எனக்கு ஒரு துளியும் கோபம் இல்லை. உங்கள் குழுவில் அரச உத்தியோகத்தர்கள் இருந்தால், யார் வெளியில் பேசுவது என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள். பத்திரிகைக்கு, மேடைக்கு, முகநூலுக்கு எங்களைப்போன்ற தனியார் ஆட்கள் போகலாம். ஓய்வுபெற்றவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அரச வைத்தியர், அரச பொறியியலாளர் தங்கள் அறிவை அனுமதி பெற்ற பயிற்சி வகுப்பு, தொழில்முறைச் சங்கம் ஆகியவற்றின் ஊடாகத் தரட்டும். அவர்களுடைய அறிவு இல்லாமல் இந்த வேலை நடக்காது, அதனாலேயே அவர்களைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் அந்தப் பெடியனின் நட்டஈட்டுக் கதை வேறு ஓடிக்கொண்டிருந்தது. கொந்தராத்துக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஐம்பதாயிரம் கொடுத்து, "எல்லாம் பாத்துச் செய்வம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். பிறகு தொலைபேசி எடுப்பதில்லை. சட்டத்தரணி ஆவணங்களைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் நெஞ்சு திக்கென்றது. ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும்போது எழுதிய குறிப்பில் "வீட்டில் விழுந்தது" என்று இருக்கிறது. அவனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் தளத்தின் கண்காணி. அவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். பெடியன் அப்போது மயக்கத்தில். அந்த இரண்டு சொல்லை மாற்றுவதற்கு நாங்கள் பட்ட பாடு, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் வேலையிடத்தில் விழுந்தால், மின்சாரம் தாக்கினால், மெசினில் கை போனால், ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதே இதை மறக்காதீர்கள்: எந்த இடத்தில், யாருடைய வேலையில் நடந்தது என்று அனுமதிப் பதிவில் சரியாக எழுதப்பட வேண்டும். ஆஸ்பத்திரிப் பொலிஸிடமும் அதே விபரத்தைப் பதிவுசெய்ய வேண்டும். விழுந்த இடத்தை அன்றே போட்டோ எடுக்க வேண்டும். மறுநாள் போனால் அந்த வெளிக்கு ஆணியடித்த பலகை போட்டிருப்பார்கள்.

நாட்கூலிக்காரருக்குச் சம்பளச் சிட்டை கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது. "அவன் என்னட்டை வேலை செய்யேல்லை" என்று முதலாளி சொன்னால் எதைக் காட்டுவது? எங்களுக்குக் கைகொடுத்தது மூன்று சின்னப் பொருட்கள். கூட வேலை செய்த ஒரு மேசன் தன் கணக்குக்காக எழுதி வைத்திருந்த வரவுக் கொப்பி, வட்ஸ்அப்பில் "நாளைக்கு விடிய ஆறரைக்கு வா" என்று கொந்தராத்துக்காரர் அனுப்பிய குரல் பதிவு, அவர் ஒருமுறை வங்கி மூலம் போட்ட சம்பளம். ஆகவே இப்போது என் தளங்களில் வேலை செய்கிறவர்களிடம், ஒரு கொப்பியில் திகதியும் இடமும் ஆளின் பெயரும் எழுதச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மாதத்தில் ஒரு சம்பளத்தையாவது வங்கிக்குப் போடச் சொல்லிக் கேட்கச் சொல்கிறேன். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். பழையது என்று விட்டுவிடக் கூடாது. 2022இல் திருத்தி, உச்ச நட்டஈட்டை ஐந்தரை லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வழியில் நடக்கும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. என்னோடு பேசிய கொந்தராத்துக்காரர்களில் பலருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், எங்கள் குழுவில் பாதிப்பேருக்கும் சட்டத்தரணி சொல்லித்தான் தெரிந்தது.

பிரசாரத்தையும் நட்டஈட்டுக் கோரிக்கையையும் ஒன்றாகக் கட்டாதீர்கள் என்று இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பொதுக்கூட்டத்துக்கு அவனைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவந்தால் சனத்துக்கு உறைக்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் அவனுடைய மனைவியிடம் கேட்கப் போனேன். அந்தப் பிள்ளை கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னது: "அக்கா, நாங்கள் அந்தாளிட்டைக் காசு வாங்க வேணும். மேடையில ஏத்தினா அந்தாள் ஒருநாளும் தராது. ஊருக்குள்ள நாங்கள் இருக்கவும் வேணும்." அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? குடும்பத்தின் கோரிக்கை முதலில். அதைத் தனி ஆளிடம், எங்கள் விஷயத்தில் சட்டத்தரணியிடம், முழுதாக ஒப்படைத்துவிட்டு, எங்கள் பேச்சுகளில் அந்தச் சம்பவத்தின் ஊர், பெயர், கட்டடம் எதையும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். வேலைத்தளப் பாதுகாப்புக்கு எங்களிடம் இருப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பெயரே சொல்கிறது, அது தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதன் சில பிரிவுகள் கட்டட வேலைகளுக்கும் நீளும். ஆனால் பனையேறிக் கள் இறக்குகிறவர், வீட்டுக் கிணறு இறைக்கிறவர், தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறவர், இவர்கள் எவரும் அதற்குள் அடங்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் உடம்பை முறித்து உழைக்கிற சனத்தில் பெரும்பகுதி இவர்கள்தான். 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் அமைப்பு, பாதுகாப்பான ஆரோக்கியமான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. மேடையில் சொல்ல நல்ல விஷயம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு கொந்தராத்துக்காரரின் முன்னால் நிற்கும்போது, கட்டளைச் சட்டத்தில் இருக்கிற ஒரு சின்ன விதிதான் கூடுதலாக உதவியது: ஒரு விபத்தில் ஆள் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க முடியாமல் போனாலோ அதை அறிவித்தாக வேண்டும். தொழில் திணைக்களத்தில் இதற்கென்று தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் பெடியனின் விபத்து அறிவிக்கப்பட்டதா என்று அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். இது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். மிக நல்ல ஆயுதம், ஆனால் பிடிக்கத் தெரிய வேண்டும். குழுவில் ஒருவர் முதலில் எழுதிய விண்ணப்பம், மாவட்டத்தில் நடந்த எல்லா வேலைத்தள விபத்துகளின் முழு விபரமும் தரவும் என்று இருந்தது. அந்த வடிவத்தில் தகவல் இல்லை என்று பதில் வந்தது, அதுவும் சிங்களத்தில். தமிழில் தரும்படி திருப்பி எழுதி, அதற்குக் காத்திருந்து, வாரங்கள் போயின. பிறகு சட்டத்தரணி ஒரே ஒரு கேள்வி எழுதினார்: இன்ன மாதத்தில், இன்ன பிரதேசத்துக் கட்டடத் தளம் எதிலிருந்தாவது விபத்து அறிவித்தல் கிடைத்ததா, ஆம் எனில் திகதி என்ன? இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஒருவன் முதுகெலும்பு முறிந்து கிடக்கிறான், அரசாங்கத்தின் தாளில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்த அன்று நான் அழுதேன். பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் அதைத்தான் கொண்டுபோனேன். ஏற்கெனவே பதிவில் இருக்கும் தகவலைத்தான் இந்தச் சட்டத்தால் பெறலாம், புதிதாகத் தொகுத்துத் தரும்படி வற்புறுத்த முடியாது. எனவே கேள்வி குறுகலாக, திகதியோடு, இடத்தோடு இருக்கட்டும். விண்ணப்பத்திலேயே "பதிலைத் தமிழில் தரவும்" என்று எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள்.

ஒரு மாவட்ட மட்டக் கூட்டத்தில் பேச எங்களுக்கு இடம் கிடைத்தது. காலையிலிருந்து காத்திருந்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னர் கூப்பிட்டார்கள். பதினான்கு பக்க அறிக்கை, வழுவழுத் தாளில் கலர்ப் படங்களோடு, அச்சடிக்க மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் செலவழித்திருந்தோம். மூன்று நிமிடம் பேசினேன். எல்லோரும் தலையசைத்தார்கள், நல்ல முயற்சி என்றார்கள், போட்டோ எடுத்தார்கள், பத்திரிகையில் வந்தது. அவ்வளவுதான். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் அதிகாரிகளைச் சந்தித்ததும் அப்படியே. மரியாதையாகக் கேட்டார்கள், சட்டம் வரும் என்றார்கள். அங்கே உருப்படியாகக் கிடைத்த ஒன்று, 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகத்தின் தொடர்பு. பயிற்சி கேட்பதென்றால் அங்கே போகலாம். கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு பக்கம் போதும். அதில் ஒரு கோரிக்கை போதும்.

பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது. கனடாவிலுள்ள ஊர்ச் சங்கம் ஒன்று, நல்ல மனதோடு, ஹெல்மெற்றும் பாதுகாப்பு பெல்ற்றும் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். கொடுக்கும் படம் வேண்டும் என்றும் கேட்டார்கள். கொடுத்தோம். சில மாதம் கழித்துத் தளங்களுக்குப் போய்ப் பார்த்தால் பெல்ற் எல்லாம் சீமெந்துக் கொட்டிலில் ஆணியில் தொங்குகிறது. தொழிலாளிகளைக் கேட்டபோது ஒரு கம்பி கட்டுகிற ஐயா சொன்னார்: "மிஸ், உதை எதில கொழுவிறது?" அவர் கேட்டது முழுக்க நியாயம். பெல்ற்றைக் கொழுவ உறுதியான பிடிமானம் எந்தத் தளத்திலும் இருக்கவில்லை. இருந்தாலும், இரண்டு மீட்டர் கயிற்றைக் காலடி மட்டத்தில் கொழுவி ஒருவர் விழுந்தால், கயிற்றின் நீளம், அதிர்ச்சியைத் தாங்கும் பகுதி இழுபடும் நீளம், ஆளின் உயரம் எல்லாம் சேர்த்து அவரைத் தாங்கிப் பிடிக்க ஏறத்தாழ ஆறு மீட்டர் வெளி வேண்டும். எங்கள் மாடி ஒன்று பத்தடி. கயிறு இழுபட்டு முடிய முதலே ஆள் நிலத்தில். ஹெல்மெற், பெல்ற் கடைசிக் காவல்தான். முதல் காவல், விழும் இடத்தையே இல்லாமல் செய்வது. வெளிகளைப் பலகை போட்டு ஆணியடித்து மூடுவது, மாடி விளிம்பில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடிச் சட்டம், நடுவில் இன்னொரு சட்டம், சாமான் உருண்டு கீழே விழாமல் அடியில் ஒரு பலகை. மின்சாரத்துக்கு, தளத்து வயர்கள் எல்லாம், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஊடாக வருவது. இவை ஒன்றும் போட்டோவுக்கு அழகாக இருக்காது. காசு தருகிறவர்களுக்கு இதை முதலிலேயே விளக்கிச் சொல்லுங்கள். நாங்கள் பிறகு விளக்கிச் சொன்னபோது அதே சங்கம் மனமுவந்து ஏற்றுக்கொண்டது.

இந்தக் காலத்தில்தான் எனக்கு வேலைகள் போகத் தொடங்கின. லண்டனிலிருந்து ஒரு வீட்டுக்காரர் எடுத்து, "நீங்கள் பிரச்சினைக்காரர் எண்டு சொல்லுகினம், எங்களுக்கு நேரத்துக்கு வீடு முடிய வேணும்" என்று நேரடியாகவே சொன்னார். இன்னொருவர் சொல்லாமலே வேறு ஆளை வைத்துக்கொண்டார். வீட்டில் வரவு குறைந்தது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வருடம் மகளின் ரியூசன் காசுக்குச் சங்கிலி அடகு வைத்தோம். தொண்டாக இறங்குகிற தனியார் துறையினர் இதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆறு மாதச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டு இறங்குங்கள், குடும்பத்தோடு முதலே பேசிவிட்டு இறங்குங்கள். குழுவின் செலவுக்குத் தனிக் கொப்பி, தனிக் கணக்கு வைத்து, மாதாமாதம் எல்லோருமாகப் பகிருங்கள். நாங்கள் வாயால் பேசிக்கொண்டோமே தவிர எழுதவில்லை. கடைசியில் போட்டோகொப்பிக் கடை, மொழிபெயர்ப்பு, பஸ் காசு எல்லாம் இரண்டு பேரின் தலையில் நின்றது. அதனால் ஒரு நல்ல சிநேகிதமும் முறிந்தது.

திருப்பம் வந்தது ஒரு கொந்தராத்துக்காரரிடமிருந்து. அனுபவஸ்தர், என்னை விட இருபது வயது மூத்தவர். ஒருநாள் தேநீர் குடிக்கக் கூப்பிட்டு இருத்திவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நீர் சொல்லுறது எல்லாம் சரி. ஆனா நான் கைப்பிடிச் சட்டம், ட்ரிப் சுவிட்ச், காப்புறுதி எல்லாத்தையும் விலையில சேர்த்தா என்ர விலை கூடிப்போம். மற்றவன் ஒண்டையும் சேர்க்காமல் குறைச்சுப் போட்டு வேலையை எடுத்துக்கொண்டு போவான். நான் என்ன செய்யிறது?" எனக்கு அன்றுதான் கண் திறந்தது. அரசாங்க ஒப்பந்த மாதிரிகளில், தளத்தின் பாதுகாப்புக்கு ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்ற வரி ஏற்கெனவே இருக்கிறது. நிர்மாணக் கைத்தொழிலுக்கென்று 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமும் அதிகார சபையும் உண்டு. பொறுப்பு எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் பெரும்பாலான கேள்விப்பத்திரங்களில், அதாவது ரெண்டர் பத்திரங்களில், அந்தப் பொறுப்புக்கு விலை எழுத ஓர் இடம் இல்லை. விலையில்லாத எதுவும் குறைந்த விலைப் போட்டியில் நிலைக்காது.

ஆகவே பெரிய கோரிக்கைகளை எல்லாம் மடித்து வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் பிடித்தோம். விலைப்பட்டியலில், அதாவது பி.ஓ.கியூவில், பாதுகாப்புக்குத் தனிப் பகுதி. அதில் கைப்பிடிச் சட்டம் இத்தனை மீட்டர், வெளி மூடல் இத்தனை, ட்ரிப் சுவிட்ச்சோடு தற்காலிக மின் பலகை இத்தனை, தொழிலாளர் காப்புறுதி. இவற்றுக்கு உரிய தொகையை வேலை கொடுப்பவரே நிர்ணயித்து எழுதிவிடுவது. விலை போடுகிற எல்லோருக்கும் அந்தத் தொகை ஒன்றே. அதில் ஒருவரும் குறைத்துப் போட்டியிட முடியாது. செய்து காட்டினால் மட்டும் அளந்து காசு. காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி இல்லாமல் முதல் கொடுப்பனவு இல்லை. சட்டம் மாற வேண்டியதில்லை, அமைச்சர் வேண்டியதில்லை. கேள்விப்பத்திரம் எழுதுகிற இஞ்சினியரும் காசு கொடுக்கிறவரும் ஒத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஏற்றது கலியாண மண்டபம் கட்டிய ஒரு கோயில் பரிபாலன சபை. அவர்களில் ஒரு கணக்காளர் இருந்தார். "எத்தனை வீதம் கூடும்?" என்பதே அவருடைய கேள்வி. அந்த வேலைக்குக் கணக்குப் பார்த்தபோது மொத்தச் செலவில் ஏறத்தாழ ஒன்றரை வீதம் வந்தது. அவர் மற்றவர்களைப் பார்த்து, வாசல் அலங்காரத்துக்கு நாங்கள் ஒதுக்கியதை விடக் குறைவு என்றார். அன்றே முடிவாயிற்று. நான் இரண்டு வருடமாக வலியையும் உரிமையையும் பற்றிப் பேசி நகராத கதவு, ஒரு வீதக் கணக்குக்குத் திறந்தது. அதற்காக எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. அந்த மண்டபம் ஒருவருக்கும் கீறல்கூட இல்லாமல் முடிந்தது. அந்தப் பகுதியை இப்போது வேறு இஞ்சினியர்களும் என்னிடம் கேட்டு வாங்கித் தங்கள் பத்திரங்களில் போடுகிறார்கள். தேநீருக்குக் கூப்பிட்ட அந்த அண்ணை, தன்னிடம் வருகிறவர்களுக்கு அதைக் காட்டிப் பேசுகிறார். இப்படியான மனிதர்களைத் தேடிப் பிடியுங்கள். கொந்தராத்துக்காரர் எல்லோரையும் எதிரியாக நினைத்தால் வேலை ஓரடியும் நகராது.

பெடியனின் நட்டஈட்டு விசாரணை இன்னும் முடியவில்லை, ஆனால் வேலையிடத்து விபத்து என்பது இப்போது பதிவில் ஏறியிருக்கிறது. அவன் வீட்டிலிருந்தே கைத்தொலைபேசி திருத்தப் பழகிக்கொண்டிருக்கிறான்.

விலைப்பட்டியல் இல்லாத வேலைகள்தான் இப்போது எங்களைக் கவலைப்படுத்துகின்றன, முக்கியமாகக் கிணறு. ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றியதும் ஊரெல்லாம் கிணறு இறைத்துத் துப்புரவாக்குவார்கள். மேலே வைத்த பம் ஒன்றால் நடைமுறையில் ஏழு மீட்டர் அளவு ஆழத்திலிருந்துதான் தண்ணீரை உறிஞ்ச முடியும். வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் அதைவிட ஆழமானவை உண்டு. அதனால் எண்ணெய் இஞ்சினையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குகிறார்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உள்ளேயே தங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்குகிற தம்பியோ மச்சானோ அவரும் மயங்குவார். விளக்கு அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்று பெரியவர்கள் சொல்வது ஒட்சிசன் இருக்கிறதா என்று பார்க்கத்தான் உதவும். இந்த நச்சுப் புகை இருந்தாலும் விளக்கு எரியும். இஞ்சின் மேலேயே நிற்க வேண்டும். ஆழம் கூடினால் ட்ரிப் சுவிட்ச்சோடு இணைத்த, நீருக்குள் அமிழும் மின் பம் வேண்டும், அப்போதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். இறங்குபவரின் உடம்பில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். மயங்கினால் மேலிருந்தே இழுப்பது, இன்னொருவர் இறங்குவதில்லை. இதைக் கிணறு இறைக்கிறவர்களின் வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தொடங்கினோம். தெரியாமல் இல்லை மிஸ், மின் பம் வாங்கக் காசு இல்லை என்றார்கள். இருவர் எப்படியோ வாங்கிவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சிறு கடன் கொடுக்க முடியுமா என்று ஒரு சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.